ஓமந்தைக்கு அப்பால் இருந்த தரவு

1996 மே மாதம் 25ஆம் திகதி இலங்கை அரசு நாட்டின் கடிகாரங்களை ஒரு மணிநேரம் முன்தள்ளியது. வறட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்சாரம் பெரும் தட்டுப்பாடாகிப் போன ஆண்டு அது. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தினால் மின்சாரம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டார்கள். ஒக்ரோபரில் அதில் அரை மணிநேரத்தைக் குறைத்தார்கள். மிச்ச அரை மணிநேரம் 2006 சித்திரைப் புத்தாண்டு வரை அப்படியே நின்றது.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு, ஓமந்தையில் இராணுவச் சாவடியைத் தாண்டிப் புளியங்குளத்துச் சாவடிக்குப் போனவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணிநேரம் பின்னே திருப்ப வேண்டியிருந்தது. சில கிலோமீற்றர் இடைவெளியில் இரண்டு நேரங்கள். "புது நேரமோ, பழைய நேரமோ?" என்று கேட்டுத்தான் எந்த அலுவலையும் உறுதிசெய்ய முடியும்.

இன்று இந்தக் கதை ஒரு மென்பொருள் எழுதுபவரின் மேசைக்கு வந்து நிற்கிறது. உலகெங்கும் கணினிகள் பழைய நேரங்களைக் கணக்கிடப் பயன்படுத்தும் நேரவலயத் தரவுத்தளத்தில் இலங்கைக்கென இருப்பது 'ஆசியா/கொழும்பு' என்ற ஒரே பதிவுதான். அந்தப் பதிவு 1996 முதல் 2006 வரை கொழும்பின் நேரத்தைச் சொல்கிறது. 2003இல் கிளிநொச்சியில் காலை 8 மணி என்று எழுதப்பட்ட ஒரு பிறப்பையோ விபத்தையோ அந்த விதிப்படி கணினியில் ஏற்றினால் அரை மணிநேரம் தவறும். லப்டொப்பில் ஓட்டினாலும் சிங்கப்பூரில் உள்ள சேர்வரில் ஓட்டினாலும் ஒரே விடைதான் வரும், அந்த விடை இரண்டு இடத்திலும் பிழை. இத்தகைய வழு எந்தச் சோதனையிலும் அகப்படாது. அந்த மண்ணின் வரலாறு தெரிந்தவர் கண்ணில் பட்டால்தான் உண்டு.

தரவு ஓரிடத்தில் இருக்கிறது, அதைத் தேடுபவர் வேறோர் இடத்தில் இருக்கிறார், நடுவில் உள்ள பாதை எப்போது திறக்கும் என்று தெரியாது. முகிற்கணிமை (கிளவுட்) காலத்துப் பொறியியலாளர்கள் நாளாந்தம் முட்டிக்கொள்ளும் இந்தச் சிக்கல் வன்னிக்கு மிகப் பழையது.

பிரித்தானியர் ஆட்சியில் வன்னி பற்றிய விபரங்களைத் தொகுத்து ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூல் வவுனியாவையும் முல்லைத்தீவையும் பற்றியது. கிளிநொச்சி அப்போது ஒரு மாவட்டமே அல்ல. 1984இல்தான் அது யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதுவரை இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்தவருக்குக் கச்சேரி என்றால் யாழ்ப்பாணம்தான். காணிப் பத்திரத்தில் ஒரு சந்தேகம் வந்தாலும் ஆனையிறவைக் கடந்து போய்த்தான் தீர்க்க வேண்டும்.

ஆனால் அந்தக் காகித நிர்வாகத்தில் ஓர் உறுதியான ஏற்பாடு இருந்தது. பிறப்பு, இறப்புப் பதிவாளர் ஒவ்வொரு பதிவையும் இரண்டு பிரதிகளாக எழுதினார். ஒன்று அந்தப் பகுதியிலேயே பேணப்பட்டது. மற்றது பதிவாளர் நாயகத்தின் மைய ஆவணக் காப்பகத்துக்குப் போனது. தரவுத்தளக்காரர் இன்று 'ரெப்ளிக்கா' என்று சொல்லும் பிரதியை அந்தக் காலத்து எழுதுவினைஞர் மைப்பேனாவால் ஆக்கி வைத்திருந்தார். இதன் அருமை 2009இல்தான் முழுதாகத் தெரிந்தது. இறுதிப் போரில் வன்னிச் சனம் மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்து நகர்ந்து, கடைசியில் உயிரோடு வவுனியா முகாம்களுக்கு வந்தபோது பலரிடம் எந்தக் கடதாசியும் மிஞ்சவில்லை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகப் பதிவு, பரீட்சைப் பெறுபேறு எல்லாம் பங்கருக்குள்ளும் பாதைகளிலும் போயிருந்தன. நடமாடும் சேவைகள் வைத்து, பிரதிகளைத் தேடி எடுத்து, புதிய சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. காணாமற்போனவர்களுக்கும் போரில் இறந்தவர்களுக்கும் மரணப் பதிவு செய்ய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் தனியாகக் கொண்டுவரப்பட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் சான்றிதழ் வாங்க மறுத்த குடும்பங்கள் உண்டு, இன்றும் மறுக்கின்றன. தேடும் ஆளின் பெயருக்கு எதிரே 'இறந்தவர்' என்று எழுதுவது ஒரு தரவுத் திருத்தம் மட்டும் அல்ல.

பின்னாளில் பதிவுகள் படமாக்கப்பட்டுக் கணினிக்குள் போயின. 1960க்குப் பிந்திய பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதியை நாட்டின் எந்தப் பிரதேச செயலகத்திலும் பெறலாம் என்றாயிற்று. யாழ்ப்பாண வைத்தியசாலையில் பிறந்து கரைச்சியில் வளர்ந்து வவுனியாவில் குடியிருக்கும் ஒருவர், பிறந்த இடத்துக்குப் போகாமலே தன் பிறப்புச் சான்றிதழை வாங்கலாம். வன்னி மக்கள் நேரடியாகப் பயன் கண்ட தொலைத்தரவு அணுகல் என்றால் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

போர்க்காலத்து வன்னியைக் கணினித் துறையின் கண்ணால் பார்த்தால் ஒரு வியப்பான பொருத்தம் தெரியும். 1994இல் கலிபோர்னியாவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பீட்டர் டொய்ச் என்ற பொறியியலாளர், வலையமைப்பில் புதிதாக வேலை செய்வோர் நம்பிக் கெட்டுப்போகும் தவறான எண்ணங்களை ஒரு பட்டியலாக்கினார். வலையமைப்பு அறுந்துபோகாது, தாமதமே இராது, பாதை மாறாது, எல்லாவற்றையும் ஒரே நிர்வாகி பார்த்துக்கொள்வார் என்று நீளும் பட்டியல் அது. ஏழு எண்ணங்கள் அதில் இருந்தன. சில ஆண்டுகள் கழித்து அதே நிறுவனத்தின் ஜேம்ஸ் கொஸ்லிங் எட்டாவதைச் சேர்த்தார். இன்றும் பல்கலைக்கழகங்களில் இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அதே 1994இல் வன்னியில் அரச மின்சாரம் இல்லை. 1990இல் போர் மூண்டதோடு யாழ்தேவி ரயில் நின்றுபோயிருந்தது. பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றரியும் அரிதாயின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே கொக்காவிலில் இருந்த ஒலிபரப்புக் கோபுரம் 1990 யூலைச் சண்டையோடு இல்லாமற்போயிருந்தது. இணைப்பு அறுபடும், பாதை மாறும், நிர்வாகி ஒருவரல்ல இருவர் என்பதையெல்லாம் இந்தச் சனத்துக்கு யாரும் விரிவுரை வைத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இணைப்புகள் திரும்பி வந்தது சொட்டுச் சொட்டாகத்தான். சமாதான காலத்தில் புலம்பெயர்ந்த தமிழ்த் தொழில்நுட்பவியலாளரின் ஆதரவோடு கிளிநொச்சியில் 'வன்னிரெக்' நிறுவனம் கணினி படிப்பித்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டது, 2009இல் எல்லாமே முடிந்தது. 2011 யூன் 6ஆம் திகதி கொக்காவிலில் 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் திறக்கப்பட்டது. 2013 செப்ரெம்பரில் ரயில் மறுபடி கிளிநொச்சிக்கு வந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் எழுந்தது, 2016இல் இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் வந்து சேர்ந்தது. வவுனியாவில் 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகமாக இருந்தது 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. குண்டுச் சத்தத்தில் பிறந்த ஒரு தலைமுறை கணினியின் முன் உட்கார்ந்து நிரல் எழுதத் தொடங்கியது.

உலகெங்கும் நிரல் எழுதுவோர் சொல்லும் அதே வாக்கியம் அப்போதுதான் இந்த மண்ணின் பேச்சிலும் கேட்கத் தொடங்கியது. "என்ர லப்டொப்பில வடிவா ஓடுது சேர். ஏத்தின பிறகுதான் டேட்டா வருகுதில்லை."

ஏன் வருவதில்லை? முதற் காரணம் பெரும்பாலும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற முகவரி. 127.0.0.1 என்ற எண் எந்தக் கணினியிலும் அந்தக் கணினியையே குறிக்கும். மாணவர் தன் லப்டொப்பில் செயலியையும் தரவுத்தளத்தையும் ஒன்றாக வைத்திருக்கும்வரை அது சரி. செயலியை மட்டும் தூக்கிக் கிளவுட்டில் வைத்தால், அது அங்கே தனக்குள்ளேயே தரவுத்தளத்தைத் தேடுகிறது. அங்கே எதுவும் இல்லை. அதேபோல, கடவுச்சொல்லும் முகவரியும் லப்டொப்பின் ஒரு கோப்பில் இருக்கும். பாதுகாப்புக்காக அந்தக் கோப்பைச் சேர்வருக்கு அனுப்பாமல் விடுவார்கள். அது சரியான பழக்கம்தான். ஆனால் சேர்வரின் சூழல் மாறிகளில் அதே விபரங்களைத் தனியாக எழுத வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள்.

இரண்டாவது வகைச் சிக்கல் இன்னும் குழப்பமானது. மொங்கோடிபி அட்லஸ் போன்ற தரவுத்தளச் சேவைகள், எந்தெந்த ஐபி முகவரிகளிலிருந்து வரலாம் என்று ஒரு பட்டியல் கேட்கும். பட்டியலில் இல்லாதவருக்குக் கதவு திறக்காது. கணக்கு ஆரம்பிக்கும்போது மாணவர் தன் தற்போதைய முகவரியைச் சேர்ப்பார், வேலை நடக்கும். கிளவுட் சேர்வரின் முகவரி வேறு என்பதால் அங்கே நின்றுவிடும். வன்னியில் பலருக்கு இணையம் கைப்பேசி வழியாகவே வருகிறது. கைப்பேசி நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பலருக்குப் பகிர்கின்றன, அதை அடிக்கடி மாற்றவும் செய்கின்றன. ஆகவே நேற்று லப்டொப்பில் ஓடியதே இன்று காலையில் ஓடாது. வெறுத்துப்போய் 0.0.0.0/0 என்று எழுதி உலகத்துக்கே கதவைத் திறந்து விடுகிறவர்கள் உண்டு. 2017 ஜனவரியில் அப்படித் திறந்து கிடந்த பல்லாயிரம் மொங்கோடிபி தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டு, திருப்பித் தரப் பணம் கேட்கப்பட்டது. பலவற்றில் கடவுச்சொல்லே வைக்கப்பட்டிருக்கவில்லை.

மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரு கணக்கு என்பது பெயர் மட்டும் அல்ல, பெயரும் வரும் இடமும் சேர்ந்ததுதான் கணக்கு. ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஆனால் வேறு இடத்திலிருந்து வந்தால் 'அனுமதி இல்லை' என்று திருப்பி அனுப்பும். தொண்ணூறுகளில் வவுனியாவில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அங்கே நடைமுறையில் இருந்த பாஸ் முறையில், நீங்கள் யார் என்பதோடு எங்கிருந்து வந்தீர்கள் என்பதும் பார்க்கப்பட்டது. வன்னியிலிருந்து வந்தவருக்கு ஒரு பாஸ், வவுனியாவாசிக்கு வேறொரு பாஸ். அடையாள அட்டை எவ்வளவு சரியாக இருந்தாலும், கையில் இருந்த பாஸ் அந்த வழிக்குரியது இல்லையென்றால் கொழும்புக்குப் போக முடியாது.

பிழைச் செய்தியை நிதானமாக வாசிப்பதுதான் இந்தத் தொழிலின் பாதி. பெயரே தெரியவில்லை என்று வந்தால் முகவரியில் எழுத்துப் பிழை, அல்லது டிஎன்எஸ் கோளாறு. இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே வந்தால் கணினிவரை போய்ச் சேர்ந்தாயிற்று, அந்தப் போர்ட்டில் கேட்பதற்கு யாரும் இல்லை. மைஎஸ்கியூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 5432 என்ற எண்களைச் சரிபார்க்க வேண்டும். அரை நிமிடம் ஒரு நிமிடம் மௌனமாக இருந்துவிட்டு நேரம் முடிந்தது என்று வந்தால், நடுவில் ஒரு தீச்சுவர் பொதிகளைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது. கடவுச்சொல் பிழை என்று வந்தால் அது நல்ல செய்தி: பாதை முழுதும் சரி, திறப்பு மட்டும்தான் பிழை. இந்த நாலையும் பிரித்தறியாமல் நிரலை மாற்றி மாற்றி எழுதி இராத்திரி முழுவதையும் தொலைப்பவர்கள் ஏராளம். இந்தச் சோதனைகளை லப்டொப்பிலிருந்து செய்வதிலும் பயனில்லை. சேர்வரின் முனையத்துக்குள் போய், அங்கிருந்தே தரவுத்தளத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

தமிழுக்கென்றே ஒரு கோளாறும் உண்டு. வடக்கு கிழக்கிலும் புலம்பெயர் நாடுகளிலும் நீண்டகாலம் கோலோச்சிய எழுத்துரு பாமினி. பாமினியில் தட்டச்சிட்ட கோப்பு கணினியின் பார்வையில் தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்திய ஒன்று அது. எழுத்துரு நிறுவிய கணினியில் பட்டியல் அழகாகத் தெரியும், அதையே இணையத்தில் ஏற்றினால் ஒருவருக்கும் விளங்காத ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். இலங்கை 2008இல் தமிழ்க் குறியேற்றத்துக்கு எஸ்எல்எஸ் 1326 என்ற நியமத்தை வெளியிட்டது. ஆயினும் பழைய கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை. யுனிகோடுக்கு மாற்றிய பின்னும் ஓர் இடறல் காத்திருக்கிறது. 2018இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0 தான் உலக எழுத்துகள் அனைத்தையும் இயல்பாகவே ஏற்றது. அதற்கு முந்திய பதிப்புகள் தாமாகத் தேர்ந்தது இலத்தீன் எழுத்துகளை. புதிய பதிப்பு உள்ள லப்டொப்பில் 'மாணிக்கவாசகர்' என்று தெரியும் பெயர், பழைய பதிப்பு உள்ள மலிவான வாடகைச் சேர்வரில் வெறும் கேள்விக்குறி வரிசையாகிறது. அப்படிக் கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்ட பெயரை எந்த மாற்றியாலும் மீட்க முடியாது. அது உண்மையாகவே அழிந்துபோன தரவு.

தூரமும் ஒரு கோளாறுதான். முல்லைத்தீவிலிருந்து சென்னை பறவைப் பாதையில் 400 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். ஆனால் முல்லைத்தீவின் தரவு வடக்கே போவதில்லை. தெற்கே கொழும்புப் பக்கம் இறங்கி, கல்கிசை, மாத்தறை போன்ற மேற்கு, தெற்குக் கரைகளில் ஏறும் கடலடி வடங்கள் வழியாகத்தான் வெளியே போகிறது. அமேசன் 2010இல் சிங்கப்பூரிலும் 2016இல் மும்பையிலும் தரவு மையங்களைத் திறந்தது. கிளிநொச்சியிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு 2 இலட்சம் கிலோமீற்றர் போகிறது. ஒருமுறை போய்வர மட்டும் 27 மில்லிசெக்கன் வேண்டும், நடைமுறையில் இன்னும் கூடும். மாணவர் ஒருவர் 300 குடும்பங்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனிக் கேள்வி அனுப்பும்படி நிரல் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தரவுத்தளம் அதே லப்டொப்பில் இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் முடியும். செயலி லப்டொப்பில், தரவுத்தளம் சிங்கப்பூரில் என்றால் ஒரு கேள்விக்கு 50 மில்லிசெக்கன் வைத்தாலும் 15 செக்கன். 1,000 குடும்பங்கள் என்றால் 50 செக்கன். சேர்வரை அமெரிக்காவிலும் தரவுத்தளத்தைச் சிங்கப்பூரிலும் வைத்துவிட்டால் இன்னும் மோசம். செயலிகளை ஏற்றி இயக்கும் ஹெரோக்கு போன்ற தளங்கள் 30 செக்கனில் பதில் வராவிட்டால் இணைப்பையே வெட்டிவிடும். குறை நிரலில் இருக்கிறது, பழி இணையத்துக்குப் போகிறது.

ஹெரோக்குவில் பலர் இன்னொரு பாடமும் படித்தார்கள். அங்கே செயலி மறுபடி தொடங்கும் ஒவ்வொரு தடவையும் கோப்புகள் பழைய நிலைக்குப் போய்விடும். எஸ்கியூலைட் கோப்பில் சேமித்த பதிவுகள் மறுநாள் இருக்காது. 2022 நவம்பர் 28ஆம் திகதி அந்த நிறுவனம் இலவசச் சேவையை நிறுத்தியபோது உலகெங்கும் எண்ணற்ற மாணவர் திட்டங்கள் ஒரேயடியாக அணைந்தன.

எது அருகில், எது தொலைவில் என்ற கேள்வி 2020இல் பணப் பிரச்சினையாகவும் மாறியது. கொவிட் முடக்கத்தில் இலங்கைப் பல்கலைக்கழகங்களின் வலையமைப்பான 'லேர்ன்' ஊடாக ஸூம் வகுப்புகளும் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களும் மாணவருக்குக் கட்டணமின்றிக் கிடைக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இணங்கின. அந்த வலையமைப்புக்குள் இருந்த சேர்வர்கள் இலவசம், வெளியே இருந்தவை காசு. விரிவுரையாளர் தன் பக்கத்தில் ஒரு யூடியூப் காணொளியை வைத்தால் பக்கம் இலவசமாகத் திறக்கும், காணொளி டேட்டாவைத் தின்னும். கூலி வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்தில் இந்த வேறுபாடு பெரியது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நீண்டபோது சிக்கல் தலைகீழாயிற்று. சிங்கப்பூரில் சேர்வர் ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் கோபுரத்தின் பற்றரி இறங்கிப்போனது.

மென்பொருள் எழுதப் படிக்கும் வன்னி மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டிய முன்மாதிரி அவர்களது மண்ணிலேயே இருக்கிறது. அது கண்ணிவெடி அகற்றும் பணியின் தரவு. ஜெனீவாவில் உள்ள மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றல் மையம் உருவாக்கிய 'இம்ஸ்மா' என்ற தகவல் முறைமையை இலங்கையும் பயன்படுத்துகிறது. எந்தக் காணியில் வெடி சந்தேகிக்கப்படுகிறது, எது துப்புரவாக்கப்பட்டது, எதை மக்களிடம் கையளிக்கலாம் என்பதெல்லாம் அதில் பதிவாகின்றன. கிளிநொச்சியில் பிராந்திய அலுவலகம், கொழும்பில் தேசிய மையம் என்று பதிவுகள் இரண்டு இடங்களிலும் புழங்குகின்றன. இம்ஸ்மாவின் பழைய பதிப்புகள் அலுவலகக் கணினியில் நிறுவப்படுபவை, புதிய பதிப்பு இணையத்தில் இயங்குவது. அலுவலகக் கணினியில் உள்ள வரைபடம் ஒரு வாரம் பழையதாக இருந்தால் கடைக்காரரின் கணக்கில் சில ரூபா பிசகுவதுபோல் முடிந்துவிடாது. கண்ணிவெடி புதைந்த முகமாலையில் ஒருவரின் கால் போகும்.

அதனால் புதிய முறையில், களத்தில் சிக்னல் இல்லாத இடத்திலும் கைக்கருவியில் படிவத்தை நிரப்பி வைத்து, இணைப்புக் கிடைத்ததும் அனுப்ப வழி செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு பதிவும் எந்த நேரத்தில், எந்தக் கருவியிலிருந்து வந்தது என்பதும் கூடவே போகிறது. ஒட்டாவா உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் இணைந்த இலங்கைக்குக் கண்ணிவெடிகளை அகற்றி முடிக்கக் கொடுக்கப்பட்ட தவணை 2028 யூன் 1. அதுவரைக்கும் வன்னியின் காட்டோரக் கிராமங்களிலிருந்து அந்தப் படிவங்கள் வந்துகொண்டிருக்கும், சில உடனே, சில சிக்னல் கிடைத்த பிறகு.